மீனில்லா நாற்பது நாட்கள்

ரெட்டியார்பாளையத்தில் நம் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கின்றது. நீளம் மூன்றேகால் அடி. இருநூறு லிட்டர் கடல்நீர் கொள்ளும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிறுவர் சிறுமியர் அதனைச் சூழ்ந்து நிற்பர். உள்ளே செம்மஞ்சள் உடலில் வெண்பட்டைகள் கொண்ட இரண்டு கோமாளி மீன்கள் மட்டுமே நீந்துகின்றன. "இவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டுதானா, சாமி?" எனப் புதிதாய் வருவோர் கேட்பதுண்டு. அந்த இரண்டுக்காக நாம் நாற்பது நாட்கள் காத்திருந்தோம். அதற்கு முன்னர் ஒருமுறை காத்திருக்கவில்லை. அந்த இரு முறைகளின் கதையை, குடும்பத்தார் கூடி வாசிக்கும் இவ்விதழில் எழுத வேண்டுமெனப் பலநாள் எண்ணியிருந்தோம். மீனில் தொடங்கும் இக்கட்டுரை மீனோடு முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தெளிந்த நீர்

தொட்டியை நமக்கு அளித்தவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஊர் வழக்கில் 'சொல்தா'. முதுமை காரணமாகப் பிரான்சு நாட்டில் வாழும் தம் மகனிடம் செல்ல முடிவு செய்தபோது, தொட்டி, வடிகட்டி, பம்பு, நீரின் உப்படர்த்தியை அளக்கும் கருவி ஆகிய யாவற்றையும் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "தண்ணீர் ஊற்றிய பிறகு ஆறு வாரம் மீன் விடக் கூடாது, சாமி. தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடக் கூடாது" என்று இருமுறை சொல்லிவிட்டு விடைபெற்றார்.

கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்புகளின் நிறைவு விழாவுக்கு அப்போது பத்து நாட்களே இருந்தன. விழாவன்று தொட்டியில் மீன் நீந்த வேண்டுமெனப் பிள்ளைகள் விரும்பினர். உண்மையைச் சொல்வதாயின் அவர்களைவிட நாமே அதிகம் விரும்பினோம். ஆறு வாரம் என்பது வயதானவரின் மிகையான எச்சரிக்கை என்று எண்ணிக்கொண்டோம். தேங்காய்த்திட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவ அன்பர் ஒருவர், கரையோர நீரில் ஊர்க் கழிவு கலந்திருக்கும் எனக் கூறி, தொலைவில் முகந்த கடல்நீரைக் கேன்களில் நிறைத்து வந்து தந்தார். துணியால் வடித்து ஊற்றினோம். மூன்று நாள் பம்பு ஓடிற்று. நீர் பளிங்குபோல் தெளிந்தது. மறுபுறத்தில் வைத்த செபப் புத்தகத்தின் எழுத்துகளைத் தொட்டியினூடே படிக்க முடிந்தது.

நான்காம் நாள் சென்னைக்குச் சென்று வண்ண மீன் கடையொன்றில் இரு கோமாளி மீன்களும், நீலநிற டாம்செல் மீன்கள் மூன்றும் வாங்கினோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்முடன் வந்திருந்தான். கடைக்கார இளைஞர், "தொட்டி ஓடத் தொடங்கி எத்தனை நாளாயிற்று, ஐயா?" என்று வினவினார். "நீர் நன்றாகத் தெளிந்துவிட்டது" என்றோம். கேட்டது ஒன்று; நாம் சொன்னது வேறு. அது பொய்யன்று, ஆயினும் மெய்யை மறைத்த விடை.

விழா இனிதே நடந்தது. மூன்றாம் நாள் மீன்கள் இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தன. செவுள்கள் விரைந்து விரைந்து அடித்துக்கொண்டன. ஒரு வாரத்திற்குள் நான்கு மீன்கள் மடிந்தன. எஞ்சிய டாம்செல் ஒன்று ஒன்பதாம் நாள் வரை உயிரோடு போராடி ஓய்ந்தது. நீரோ அன்றும் பளிங்காகவே இருந்தது.

நம்முடன் சென்னைக்கு வந்த பையனே அவற்றை வேப்பமரத்தடியில் புதைத்தான். "தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது, ஃபாதர்? ஏன் செத்துப்போயின?" என்று கேட்டான். "இறைவனின் சித்தம், தம்பி" என்றோம். வெட்கத்துடன் எழுதுகிறோம், அதுவே நம் வாயிலிருந்து வந்த விடை. அவன் சிறிது நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர், "கடையில் அந்த அண்ணன் எத்தனை நாளாச்சு என்றுதானே கேட்டார்? நீங்கள் சொல்லவில்லையே, ஃபாதர்" என்றான். நம் அவசரத்திற்கு இறைவன் பெயரைப் போர்வையாக்கியதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டுகொண்டான்.

இருபது நாள் மௌனம்

பையனுக்கு உரிய விடை தர வேண்டுமென்பதற்காகவே நூல்களை எடுத்துப் படித்தோம், அறிந்தோரிடம் கேட்டோம். அறிந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் பொருளை ஓயாது நீரில் விட்டுக்கொண்டிருக்கிறது. உண்ணாது எஞ்சிய இரை அழுகினாலும் அம்மோனியாவே உண்டாகும். அதற்கு நிறமில்லை, தொட்டியில் சேரும் அளவில் மணமும் தெரியாது. ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவே செவுளை அரிக்கப் போதும். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையதாதலால் அதில் இந்நஞ்சின் கடுமை மேலும் கூடும். தொட்டி தெளிவாயிருந்ததும் உண்மை, நஞ்சாயிருந்ததும் உண்மை.

கடலில் கோடானு கோடி மீன்கள் வாழ்ந்தும் இந்நஞ்சு தேங்குவதில்லை. மணலிலும் பாறையிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனை உணவாகக் கொள்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றது. மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. கடைசியில் வரும் நைட்ரேட்டு, மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. புதுத் தொட்டியில் இவ்வேலையாட்கள் போதிய அளவில் இல்லை. அழுகற் கிருமிகள் அரைமணிக்குள் இரட்டிக்கக் கூடியவை. இவையோ இரட்டிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். ஆகவேதான் ஆறு வாரம். சொல்தா பெரியவர் மிகைப்படுத்தவில்லை.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு நம் உள்ளத்தைத் தொட்டது. 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்சு ஆகிய இருவரும், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிறைத்த நீண்ட குழாயொன்றில் சாக்கடை நீரை மெதுவாகச் சொட்டவிட்டனர். நாள்தோறும் அடியில் வடிந்த நீரைச் சோதித்தனர். இருபது நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட்டு தோன்றலாயிற்று. அம்மோனியா குறைந்து மறைந்தது. வெறும் வேதியியல் மாற்றமாக இருந்திருந்தால் முதல் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டுமன்றோ? குளோரோபாம் ஆவியைக் குழாயில் செலுத்தியதும் மாற்றம் நின்றது. தோட்ட மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது ஊற்ற, நாளடைவில் மீண்டும் தொடங்கியது. இதனைச் செய்பவை உயிர்களே என்று அவர்கள் தெளிந்தனர். 1890-ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்சுகி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து, இருவேறு கூட்டங்கள் இருவேறு படிகளைச் செய்வதை மெய்ப்பித்தார்.

அத்தோடும் கதை முடியவில்லை. அம்மோனியாவை மாற்றும் வேறொரு வகை நுண்ணுயிர், பாக்டீரியா இனத்தையே சேராத ஒன்று, 2005-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. எங்கிருந்து என்று எண்ணுகிறீர்கள்? அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில், மக்கள் நாள்தோறும் வேடிக்கை பார்த்துச் சென்ற கடல்நீர்த் தொட்டியொன்றின் அடியிலிருந்து. அனைவரும் மீன்களைப் பார்த்தனர். மீன்களை வாழவைத்தது அவர்கள் கண்ணில் படவேயில்லை.

சென்னை மெரீனாக் கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கான கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை நம் முன்னோரை மகிழ்வித்தது. அதனைப் பராமரித்தோர் இத்தகைய சோதனைக் குப்பிகளும் வண்ண அட்டைகளும் இல்லாமலே கடலுயிர்களைப் பேணினர் என்பதை எண்ணும்போது, எல்லா வசதியும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் ஐந்து மீன்களை ஒன்பது நாளில் இழந்த நம் நிலை நமக்கே நாணத்தைத் தந்தது.

இரண்டாம் முறை

பழைய நீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கினோம். இம்முறை பையனிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, "நீ எழுதுகிற கணக்குப்படிதான் மீன் வரும். நான் சொன்னாலும் நீ விடக் கூடாது" என்றோம். அவன் அதனை மிகுந்த பொறுப்புடன் ஏற்றான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் உப்பு உண்டு. இம்முறை கடல்நீர் எடுக்காமல், அதற்கெனக் கிடைக்கும் கலவை உப்பு ஏழு கிலோவை நன்னீரில் கரைத்து, கருவி 1.025 எனக் காட்டும்வரை சரிசெய்தோம். அன்பர் ஒருவர் இராமேசுவரம் பக்கமிருந்து உயிருள்ள பவளக் கற்களைக் கொண்டுவருவதாகக் கூறினார்; அவற்றில் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருப்பதால் வேலை விரைவில் முடியுமாம். வேண்டாமென்று மறுத்துவிட்டோம். பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. நம் தொட்டிக்கு நாட்களை மிச்சப்படுத்துவதற்காகக் கடலின் வீட்டை இடிப்பது முறையன்று. உலர்ந்த கற்களையும் சுட்ட மண் வளையங்களையுமே இட்டோம்.

பின்னர் ஓர் இறால் துண்டைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டோம். அழுகட்டும் என்றே தொங்கவிட்டோம். அது அழுகினால்தான் அம்மோனியா உண்டாகும்; அம்மோனியா இருந்தால்தான் அதனை உண்ணும் உயிர்கள் பெருகும். உணவே இல்லாத இடத்தில் வேலையாட்கள் வந்து தங்குவதில்லை. மீனின் உயிரைப் பணயம் வைக்காமல் தொட்டியைச் சோதனைக்கு உட்படுத்தும் வழி இது.

நாள்தோறும் மாலைச் செபத்திற்கு முன் பையன் வந்து சிறு குப்பியில் நீர் எடுத்து, மருந்துத் துளிகளைச் சேர்த்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எழுதுவான். மூன்றாம் நாள் மஞ்சளாயிருந்த நீர் பசுமை காட்டிற்று, அம்மோனியா பிறந்துவிட்டது. பத்தாம் நாள் கரும்பச்சை. அதற்கு மறுநாள் நம் ஆலயப் பணியாளர், நல்லெண்ணத்தால், வடிகட்டியின் அழுக்கேறிய பஞ்சைக் குழாய் நீரில் பளிச்செனக் கழுவி மாட்டிவிட்டார். குழாய் நீரிலுள்ள குளோரின், அங்கே குடியேறத் தொடங்கியிருந்த உயிர்களைக் கொன்றிருக்கும். பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். பணியாளரோ, "அழுக்காயிருந்தது, சாமி, அதனால்தான்" என்று கைபிசைந்தார். அவரை நாம் எப்படிக் கடிந்துகொள்ள இயலும்? தூய்மையும் வெறுமையும் ஒன்றென்று எண்ணி ஐந்து மீன்களைக் கொன்றவர் நாமல்லவா?

பதினெட்டாம் நாள் இரண்டாம் குப்பி ஊதா நிறம் கொண்டது, நைட்ரைட்டு தோன்றிவிட்டது. அம்மோனியா இறங்கத் தொடங்கிற்று. கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புநிறப் படலம் படர்ந்து, பார்ப்பதற்கு அருவருப்பாயிற்று. "தொட்டி கெட்டுவிட்டது, சாமி" என்று வருவோரெல்லாம் வருந்தினர். அது கெடவில்லை, உயிர் கொள்ளத் தொடங்கியிருந்தது. அழகாயிருந்தபோது கொன்ற தொட்டி, அழகு குன்றியபோது வாழவைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

கூட்டிப் பெருக்கிய வீடு

அந்நாட்களில் ஒரு மாலை, பழுப்பேறிய கண்ணாடியின் முன் அமர்ந்திருக்கையில், ஆண்டவர் கூறிய சிறு உவமையொன்று நினைவில் எழுந்தது. ஒரு மனிதனை விட்டு வெளியேறிய அசுத்த ஆவி, எங்கும் இளைப்பாற இடமின்றித் திரும்பி வருகின்றது. வந்து பார்க்கையில் வீடு கூட்டிப் பெருக்கி அழகுபடுத்தப்பட்டிருக்கின்றது. ஆனால் உள்ளே யாரும் குடியிருக்கவில்லை. ஆகவே தன்னிலும் கொடிய வேறு ஏழு ஆவிகளை அழைத்து வந்து புகுகின்றது. அம்மனிதனின் பின்னிலை முன்னிலையிலும் கேடாகின்றது. குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றிருக்கிறோம். எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆயினும் அந்த வீட்டின் குறை அழுக்கன்று, வெறுமையே என்பது அன்று மாலைதான் நெஞ்சில் தைத்தது. கூடவே ஒரு பெண்ணின் முகமும் நினைவில் வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றிய காலம். ஊரும் பெயரும் வேண்டா. இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று, ஊரறிய நடந்தது, அவ்வம்மையாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம். கணவர் குடிப்பழக்கத்திற்கு அடிமை, குடித்தால் கைநீட்டுவார். அவர் இரு பிள்ளைகளுடன் தாய்வீடு சென்றுவிட்டார். சில வாரங்களில் கணவர் நம்மிடம் வந்து, கண்ணீர் விட்டு, சிலுவையைத் தொட்டு ஆணையிட்டார். ஒன்பது நாள் நவநாள் செபத்திற்கு ஒரு நாளும் தவறாது வந்தார். முகம் மழித்து, வெள்ளை வேட்டியில், தெளிந்த கண்களோடு முழந்தாளிட்டார். நாம் உருகிப் போனோம். பத்தாம் நாள் அவ்வம்மையாரின் தாய்வீட்டுக்கு நாமே சென்று, "மனந்திரும்பிவிட்டார், மகளே. மன்னித்து ஏற்றுக்கொள். பிள்ளைகளுக்குத் தகப்பன் வேண்டும்" என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. துணிமூட்டையை எடுத்துக்கொண்டு நம் பின்னே வந்தார்.

அக்குடும்பம் ஒன்றுசேர்ந்ததை அந்த ஞாயிறு மறையுரையில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டோம். மூன்று மாதங்கூடச் செல்லவில்லை. ஒரு நள்ளிரவில், தாய்க்கும் தந்தைக்கும் இடையில் நின்று தடுக்க முயன்ற மூத்த பையனின் கை முறிந்தது. அதன் பிறகு அவ்வம்மையார் நம்மிடம் வரவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு ஊர் சென்றுவிட்டார். நாமும் மாறுதல் பெற்று வந்துவிட்டோம். 'அவருடைய பலவீனம், நாம் என்ன செய்வது' என்று மனத்தை ஆற்றிக்கொண்டோம். அன்று பையனிடம் சொன்ன 'இறைவனின் சித்தம்' என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான்.

ஒன்பது நாள் குடிக்காதிருந்தது உண்மை. அவர் கண்ணீரும் பொய்யன்று. ஆனால் பல ஆண்டுகளாய்ச் சேர்ந்த கடனும் சினமும் நாணமும் அன்றாடம் உமிழும் நஞ்சை வாங்கி மாற்றக்கூடிய எதுவும் அவ்வீட்டில் இன்னும் குடியேறவில்லை. கூலியை வீட்டில் கொண்டுவந்து தரும் பழக்கம் இல்லை. குடி விட்டோர் கூடும் கூட்டத்தின் துணை இல்லை. இச்சை எழும் இரவில் கூப்பிட ஒரு நண்பர் இல்லை. வெறும் தெளிவு மட்டுமே இருந்தது. அதற்குள் மூன்று உயிர்களை நாம் கொண்டுபோய் விட்டோம்.

காத்திருத்தல் திருச்சபைக்குப் புதிதன்று. பண்டைத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற விரும்புவோர் மூன்று ஆண்டுகள் வரை ஆயத்தம் செய்ததுண்டு. திருமணத்திற்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். உயிர்ப்புக்கு முன் நாற்பது நாள் தவக்காலம் வைத்திருக்கிறோம். படைப்பின் நூலிலும் ஒளியும் நீரும் நிலமும் செடிகொடிகளும் ஒழுங்குபெற்ற பின்னரே, ஐந்தாம் நாளில் மீன்கள் வருகின்றன. இத்தனையும் அறிந்த நாம், ஒரு பெண்ணையும் இரு பிள்ளைகளையும் பத்தாம் நாளிலேயே திருப்பி அனுப்பினோம்.

அவர் மறுமொழி

அவ்வம்மையாரின் முகவரியைத் தேடிப் பெற்று, மன்னிப்பு வேண்டி ஒரு மடல் எழுதினோம். தொட்டியைப் பற்றியும் எழுதினோம். மூன்று வாரம் விடையில்லை. பின்னர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். பையனின் கை நன்றாகிவிட்டது. அவனுக்குத் திருமணமும் ஆகிவிட்டது என்றார். நம் மடலைப் பற்றிச் சிறிது தயங்கியே பேசினார்.

"நீங்கள் எழுதியது சரிதான், சாமி. ஆனால் நீங்கள் இன்னும் அவர் தயாரா இல்லையா என்றுதான் யோசிக்கிறீர்கள். அன்றைக்கும் அவர் கண்ணைத்தான் பார்த்தீர்கள். போகலாமா, பயமாக இருக்கிறதா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

நாம் வாயடைத்து நின்றோம். மீன் தொட்டியை வைத்து நாம் அழகாகக் கட்டிய உவமையில் இப்படியோர் ஓட்டை இருந்தது. மீன் பேசாது, ஆகவே நீரைச் சோதிக்கக் குப்பி தேவைப்படுகிறது. மனைவிக்கு வாய் இருக்கின்றது. அவரிடம் கேட்பதே முதற் சோதனை. தாம் கூறியதை இதழில் எழுதலாமென்றும், பிற சாமிமார்களும் அதனைப் படிக்க வேண்டுமென்றும் அவரே கூறினார்.

ஆதலால் இதனை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒன்று தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையிடமிருந்து பிரிந்து வாழ்வதற்கு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1153-ஆம் விதியில் இடம் தருகின்றது. தாமதித்தால் ஆபத்து எனில், ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமே விலகவும் அவ்விதி அனுமதிக்கின்றது. நாட்டின் சட்டத்திலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கின்றது. அடிதாங்குவது திருமண வாக்குறுதியின் பகுதியன்று. மன்னிப்பது வேறு, மீண்டும் ஒரே கூரையின்கீழ்ச் செல்வது வேறு. முன்னது இன்றே கூடலாம். பின்னதற்குக் காலம் வேண்டும். சில வேளை அக்காலம் வாராமலே போகலாம். கண்ணாடி விரிசல் கண்ட தொட்டியில் எத்தனை வாரம் காத்திருந்தும் பயனில்லை.

நாற்பத்தொன்றாம் நாள்

முப்பத்தேழாம் நாள் அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் இல்லையெனக் குப்பிகள் காட்டின. "இப்போது விடலாமா?" என்று கேட்டோம். பையன் நோட்டை மூடிக்கொண்டு, "சோதித்துப் பார்க்க வேண்டும், ஃபாதர்" என்றான். மீனுக்குரிய இரையைச் சிறிது இட்டு அழுகவிட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்த்தான். இரண்டு நாளும் சுழியம். சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் குறைப்பதற்காக நாற்பதாம் நாள் பாதி நீரை மாற்றினோம்.

நாற்பத்தொன்றாம் நாள் இரண்டே இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஐந்தாறு விடலாமே என்ற ஆசை நமக்கு இல்லாமலில்லை. ஆனால் நுண்ணுயிர்கள் பெறும் உணவுக்குத் தக்கவாறே பெருகும். பாரத்தைத் திடீரென ஏற்றினால் அவை தாங்கா. கடலில் பிடிக்காமல் பண்ணையில் பிறந்த மீன்களையே கேட்டு வாங்கினோம். 1947-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் முதலிய இடங்களிலுள்ள தன் நிலையங்களில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்துத் தந்திருப்பதால், பவளப்பாறைகளை வறிதாக்காமலே இன்று இவற்றை வளர்க்க இயலுகின்றது. இவ்வினத்தில் முட்டையிடுமுன் ஆண்மீன் பாறையில் ஓரிடத்தைக் கவ்விக் கவ்வித் துப்புரவாக்கும். முட்டை பொரியும்வரை ஒருவார காலம் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். இதைக் கேட்ட மறைக்கல்வி வகுப்புச் சிறுமி ஒருத்தி, "மீன் அப்பா குடிக்காது" என்றாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று நம் பங்கிலும் ஒரு குடும்பம் உண்டு. கணவர் மருத்துவம் பெற்று மீண்டபோது உறவினர் நம்மிடம் வந்து, "சாமி, உடனே சேர்த்து வைத்துவிடுங்கள்" என்றனர். இம்முறை நாம் முதலில் மனைவியிடம் சென்று, தனியே அமரச் செய்து கேட்டோம். "பயமாக இருக்கிறது, சாமி" என்றார். "அப்படியானால் பொறுத்திருப்போம், மகளே" என்றோம். கணவர் முதலில் நம்மீது வருத்தமுற்றார். பின்னர் வாரந்தோறும் குடி விட்டோர் கூட்டத்திற்குச் செல்லலானார். கூலியில் ஒரு பங்கை மனைவியின் கையில் சேர்ப்பிக்கிறார். சில வாரங்கள் தவறியதும் உண்டு. பத்து மாதம் ஆகின்றது. இன்னும் ஒரே வீட்டில் வாழவில்லை. கடந்த சில மாதங்களாக, மனைவியே அழைத்து, ஞாயிறு மதிய உணவுக்கு மட்டும் வந்து செல்கிறார். அதற்கு மேல் என்ன நேரும் என்பதை நாம் அறியோம். இறைவனின் சித்தம் என்று சொல்லவும் இப்போது அவசரப்படுவதில்லை.

பையன் எட்டாம் வகுப்புக்குச் சென்றுவிட்டான். நோட்டு இன்னும் அவனிடமே இருக்கின்றது. மூன்றாவது மீன் எப்போது என்று நாம் அவ்வப்போது கேட்பதுண்டு. அவன் குப்பியை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துவிட்டு, "சொல்கிறேன், ஃபாதர்" என்கிறான்.